நகை வேண்டாத சம்பந்தம்

சனிக்கிழமை மத்தியானம் பாக்கியநாதன் மனைவியோடும் மகனோடும் ராஜாத்தி வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கொஞ்சம் நீளமாகவே ஜெபம் பண்ணி, கண்ணைத் திறந்த கையோடு சொன்னார்.

“முதல்லயே சொல்லிடறேன் சிஸ்டர். நாங்க நகை போடுறதில்ல. பொண்ணுக்கும் ஒரு குந்துமணி தங்கம் வேணாம்.”

ராஜாத்தி சிரித்தாள். இதில் புதுச் செய்தி என்ன இருக்கிறது? ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அவர்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்த எவருக்கும் காதிலும் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. தாலிகூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். அவள் மகள் அனிதா சபையில் பாடுகிறவள். பாக்கியநாதன் மகன் சந்தோஷ் அதே சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். இரண்டு வருஷமாக இவள் எடுக்கிற சுருதிக்கு அவன் வாசித்து வாசித்து விஷயம் இந்த நாற்காலிகள் வரைக்கும் வந்திருந்தது. ஜாதி விசாரிக்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை. ஆண்டவரே கூட்டி வைத்த சம்பந்தம் என்று ராஜாத்தி சபை முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

“ஆனா வெளிய ஒரு வழக்கம் இருக்கு பாருங்க,” என்றார் பாக்கியநாதன். “நகை போடுறவங்க பொண்ணுக்கு அவங்கவங்க தகுதிக்குப் போட்டு அனுப்புறாங்க. நாம போடுறதில்ல. அப்ப அது நமக்கு மிச்சம். அந்த மிச்சம் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரணுமா இல்லையா? பாகலூர் ரோட்டுல உங்களுக்கு ஒரு சைட் இருக்குன்னு பிரதர் சொன்னாரு.”

ராஜாத்தி பிரதரைப் பார்த்தாள். பிரதர் என்பது அவள் புருஷன் தங்கதுரை. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நாங்க வீடு கட்டறதுக்கு வாங்குனதுங்க.”

“தெரியும் சிஸ்டர். ஆனா அது நகை இல்லையே. மண்ணு. மண்ணுல இருந்துதான ஆண்டவர் நம்மளயே எடுத்தாரு.”

அவர் மனைவி எஸ்தர் தலையாட்டினாள். தலையாட்டும்போதே கை உயர்ந்தது, கையில் வாட்ச் மின்னியது. இந்தச் சபையில் வாட்ச் நகையில் சேராது, அது நேரம் பார்க்க. எஸ்தரின் வாட்ச் பளபளவென்று தங்க நிறத்தில், வளையலைவிட அகலமாக, கல் பதித்து இருக்கும். போன கிறிஸ்துமஸுக்கு ராஜாத்தி அதில் மணி பார்த்திருக்கிறாள். அப்போது பத்தேகால் காட்டியது. இப்போதும் பத்தேகால்தான்.

“காருகூட பெருசா ஒண்ணும் கேக்கல,” என்றாள் எஸ்தர். “சின்னதே போதும். சந்தோஷ் ஊழியத்துக்குப் போக வர.”

சந்தோஷின் ஊழியம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்திகிரியில் ஒரு வீட்டு ஜெபத்துக்குக் கீபோர்டு வாசிப்பது. இத்தனை நாளும் அந்த ஊழியம் பைக்கிலேயே நடந்து, ஆத்துமாக்கள் பைக்கிலேயே இரட்சிக்கப்பட்டு வந்தன. சந்தோஷ் தரையின் டைல்ஸ் கோடுகளை எண்ணுகிறவன் மாதிரி குனிந்திருந்தான். அனிதா அவனையே பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

“யோசிச்சுச் சொல்லுங்க,” என்று எழுந்தார் பாக்கியநாதன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். “உலகப் பொருள்மேல பற்று வைக்கக் கூடாது சிஸ்டர். அது பிசாசு கட்டுற கயிறு.”

இதுதான் ராஜாத்திக்குத் தாங்கவில்லை. மண்ணைக் கேட்டதுகூடப் போகட்டும். பற்றைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டுப் போனார் பாருங்கள், அது.

பற்று என்றால் என்ன, அதை விடுவது என்றால் என்ன என்று ராஜாத்திக்கு யாரும் செருப்பு மாட்டிக்கொண்டு சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக்காரர் கோவிந்தப்பன் மகள். பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வந்துபோன பஸ்ஸில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து லேத் ஓட்ட வந்த தங்கதுரையைப் பார்த்தாள். அவர் பேசிய தமிழ் பாதி புரியவில்லை. புரியாத பாதிக்காகவே கட்டிக்கொண்டாள் என்று கூடப் பிறந்த மணிவேல் இன்றைக்கும் கிண்டல் பண்ணுவான். தங்கதுரை பரம்பரைக் கிறிஸ்தவர், அதாவது ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டை போடுகிறவர். ராஜாத்திதான் உட்கார்ந்து வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, நம்பி, அதைக் கையோடு செய்யவும் கிளம்பினவள். தன்னிடம் இருப்பது தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்த சுவிசேஷம்.

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணையில் அவளுக்கு ஞானஸ்நானம். அப்போது அங்கே தண்ணீர் தண்ணீராக இருந்தது. இப்போது ஆறு ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை தள்ளுகிறது. அதில் ஆளை முக்கினால் பரிசுத்தமாகி எழுவாரா, அரிப்போடு எழுவாரா என்று சொல்ல முடியாததால் சபையே டைல்ஸ் ஒட்டி ஒரு தொட்டி கட்டிக்கொண்டது. அன்றைக்குக் கரையில் நின்று ராஜாத்தி கம்மலைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்றினாள், தாலியைக் கழற்றினாள். மூக்குத்திதான் வரமாட்டேன் என்றது. ஏழுகல் மூக்குத்தி. திருகு இறுகியிருந்தது. சோப்புப் போட்டு, திருகி, ரத்தம் கசியக் கழற்றி, எல்லாவற்றையும் காணிக்கைப் பையில் போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை. வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், பீரோவில் இருக்கும் நகை பாவமில்லை என்று பாஸ்டரம்மாவே காதோடு சொன்னார். போட்டுக்கொள்ளாத நகை பீரோவில் என்னத்துக்கு என்று ராஜாத்திக்கு விளங்கவில்லை.

அவள் அம்மா வெள்ளையம்மா பார்த்தபோது கத்தவில்லை. “புருசன் உசுரோட இருக்கறப்பவே மூளியா வந்து நிக்கறயேடி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மணிவேல் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு எடுக்க வந்த ஒரு கிழவி, இவள் வெறுங்கழுத்தைப் பார்த்து, தட்டை வேறு கைக்கு மாற்றினாள். கூடப் பிறந்தவன் கல்யாணத்தில், புருஷன் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்க, ராஜாத்தி தாலியறுத்தவளாகச் சுவரோரம் நின்றாள். நின்றுவிட்டு அழாமல் போய்ச் சாப்பிட்டாள். ஆண்டவருக்காக, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லும்போது ஒரு ருசி இருந்தது. அந்த ருசியைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை. தண்டின் நீளம் பார்த்துப் பூவைப் பிரித்துக் கட்டுவது. குளிர்பதன அறைக்கும் கொட்டகைக்கும் நடந்து நடந்து வாங்கிய மண் அந்தப் பாகலூர் ரோட்டு மண். வாடகை வீட்டில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் வசனத்தைக் கேட்டுக்கொண்டே ஜெபம் பண்ணின குடும்பம், தன் சுவருக்குள் உட்கார்ந்து ஜெபம் பண்ண ஆசைப்பட்டது. அதுதான் இப்போது பிசாசின் கயிறாம்.

பாக்கியநாதன் குடும்பம் தெருவைத் தாண்டியதும் ராஜாத்தி புருஷன் பக்கம் திரும்பினாள்.

“சைட் இருக்குன்னு அந்தாளுக்கு இன்னாத்துக்குச் சொன்ன?”

“கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லச் சொல்லுதியா?” என்றார் தங்கதுரை. “ஏட்டி, நமக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள. எப்பயும் அவளுக்குத்தான. நாளைக்குக் குடுக்கதை இன்னைக்குக் குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு?”

“நான் குடுக்கறது வேற. அவன் கேக்கறது வேற.”

“ரெண்டும் ஒரே மண்ணுதான புள்ள.”

“ஓஹோ. நீயும் மண்ணா. மத்தியானத்துலருந்து வூட்ல எல்லாரும் ஆதாமுக்குச் சொந்தக்காரங்களா இருக்கறீங்க.”

அனிதா குறுக்கே வந்தாள். அவள் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள், சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். “அம்மா, குடுத்துரும்மா. எனக்கு அவன வேணும். சைட்டுக்காக இத விடாத.”

ராஜாத்தி அடுப்படிக்குப் போனாள். அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். ஒருவேளை பாக்கியநாதன் சொன்னது நிஜமோ, மண்ணைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறோமோ என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். கேட்கக் கேட்கக் கோபம்தான் ஏறியது. பிடியை விடச் சொல்கிறவன், விட்டது கீழே விழும் இடத்தில் மடியை விரித்துக்கொண்டு நிற்கிறானே. அதற்கு என்ன பெயர்?

மறுநாள் ஞாயிறு. சபையில் பாட்டுகள் முடிந்ததும் சாட்சி நேரம். யாருக்கு ஆண்டவர் என்ன நன்மை செய்தாரோ அவர் எழுந்து மைக்கில் சொல்லலாம். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சபை ‘ஸ்தோத்திரம்’ சொல்லும். பின்னணியில் கீபோர்டு மெல்லிசாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், கேட்பவர்களுக்கு மனசு இளகுவதற்காக.

முதலில் ஒரு சகோதரி எழுந்து, இரட்டைக் கதவு பிரிட்ஜ் வாங்க ஆண்டவர் கிருபை செய்ததைச் சொன்னாள். ஸ்தோத்திரம். ஒரு தம்பி, பெங்களூரில் பிளாட் பதிவான கதையைச் சொன்னான். ஸ்தோத்திரம். பிறகு சானமாவுப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுந்தார். காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கியதாம். பக்கத்து நிலத்துச் சிவராஜின் ராகியை அடியோடு மேய்ந்துவிட்டு, இவருடைய தக்காளியை முகர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டதாம். “யானையோட வாயையும் கட்டுற தேவன் நம்ம தேவன்,” என்றார். சபை அதிர்ந்தது. ஸ்தோத்திரம், அல்லேலூயா. சிவராஜின் ராகிக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த யானை முடிந்த இடத்தில்தான் ராஜாத்தி எழுந்தாள். தங்கதுரை அவள் முந்தானையைப் பிடித்தார். துணி நழுவிக்கொண்டு போயிற்று.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்,” என்றாள்.

“ஸ்தோத்திரம்,” என்றது சபை.

“எம்பொண்ணு அனிதாவுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்குது.”

“ஸ்தோத்திரம்.” கீபோர்டில் சந்தோஷ் சுரத்தை மெல்ல அழுத்தினான். முகம் சிவந்திருந்தது, சந்தோஷத்தில்.

“மாப்பிள்ள வூட்டுக்காரங்க ஒரு குந்துமணி தங்கம்கூட வேணாம்னுட்டாங்க.”

“அல்லேலூயா.” யாரோ கை தட்டினார்கள். எஸ்தர் தாழ்மையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தங்கத்துக்குப் பதிலா எங்க பாகலூர் ரோட்டு சைட்ட மட்டும் கேட்டிருக்கறாங்க.”

“ஸ்தோத்...” பழகின வாய்கள் பாதி திறந்துவிட்டன. திறந்ததை மூட முடியாமல் சிலர் இருமினார்கள்.

“சைட்டு நகை இல்ல, வெறும் மண்ணுதான்னு வேதத்துல இருந்தே எடுத்துக் காட்டுனாங்க.”

முன்வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் மட்டும் பலமாக “ஆமென்” என்றார்.

“ஒரு காரும் கேட்டிருக்கறாங்க. அது அவங்களுக்கில்ல, ஊழியத்துக்கு.”

இப்போது கீபோர்டின் அந்த ஒற்றைச் சுரம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. சந்தோஷ் விரலை எடுக்க மறந்திருந்தான்.

“நான் ஞானஸ்நானம் எடுத்தப்ப மூக்குத்திய ரத்தத்தோட கழட்டிக் காணிக்கப் பையில போட்டேன். அதுக்கு ஈடா ஒரு சைட் கேட்டு வாங்கலாம்னு அன்னிக்கி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரல. சொல்லியிருந்தா எங்கப்பன்கிட்ட கேட்டிருப்பேன், தக்காளி நல்லா வெளஞ்ச வருசம் அது. இந்த ஞானத்த இப்பவாச்சும் எனக்குக் குடுத்த ஆண்டவருக்கு...”

அவள் காத்திருந்தாள். மைக் செத்துப்போனது. சவுண்டு பார்க்கிற ஆள், ஆண்டவரின் ஏவுதலாலோ பாஸ்டரின் கண் ஜாடையாலோ, ஸ்விட்சை அணைத்துவிட்டிருந்தார். மைக் இல்லாமலே ராஜாத்தி முடித்தாள். “ஸ்தோத்திரம்.”

பாக்கியநாதன் குடும்பம் திருவிருந்துக்கு முன்பே எழுந்து போயிற்று. எஸ்தர் போகும்போது ராஜாத்தியைப் பார்த்து, “உங்களுக்காக ஜெபிக்கிறேன் சிஸ்டர்,” என்றாள். அந்தச் சபையில் ஒருவரை ஒருவர் செருப்பால் அடித்தாலும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அனிதா கேட்டாள். “எனக்காகப் பேசுனியா, உனக்காகப் பேசுனியா?”

“உனக்காவத்தான்டி. உன்ன விக்கறதுக்கு வெல பேசறாங்க, வாய மூடிட்டு நிக்கச் சொல்றயா?”

“என்னக் கேட்டியா? மைக்கப் புடிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா வேணாம்ப.”

“ஆமா, வேணாம்னு சொல்லியிருப்பேன். என் கல்யாணம். சந்தோஷ்கிட்ட நான் பேசியிருப்பேன்.” அனிதாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. “அந்த மூக்குத்திக் கதைய நான் பொறந்ததுல இருந்து கேக்கறேன்மா. எல்லாரும் நகைய மாட்டிட்டுத் திரியறாங்க. நீ கழட்டுனத மாட்டிட்டுத் திரியற. அவ்ளோதான் வித்தியாசம்.”

ராஜாத்தி கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிப்பதற்குக் கோபம் போதவில்லை என்று அர்த்தமில்லை. எதை அடிப்பது என்று தெரியவில்லை. அவள் போய்க் குழாயடியில் உட்கார்ந்து, துவைத்த துணியை எடுத்துத் துவைக்க ஆரம்பித்தாள். கல்யாண வீட்டுச் சுவரோரத்தில் நின்றபோது நாக்கில் இருந்த அந்த ருசி இப்போது கசந்தது. அதற்காக மகள்மேல் கோபம் வந்தது. மகள் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பாஸ்டர் வந்தார். நல்ல மனுஷர்தான். சண்டை என்றால் இரண்டு பக்கமும் தட்டிக்கொடுத்து நடுவில் காபி குடிக்கிறவர். தங்கதுரை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொண்டுவந்து கொடுத்தார்.

“பாக்கியநாதன் பிரதர் ரொம்ப உடைஞ்சு போயிருக்காரு,” என்றார் பாஸ்டர். “இருந்தாலும் பெரிய மனசு. சைட் வேணாம், காரும் வேணாம், சம்பந்தத்த மட்டும் விடவேணாம்னு சொல்லிட்டாரு. ஒண்ணே ஒண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க எழுந்து, மாம்சத்துல, கோவத்துல பேசிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடணும்.”

“அவர் கேட்டது பொய்யின்னு சொல்லணுங்களா ஐயா?” என்றாள் ராஜாத்தி.

“அது வேணாம். கேட்டதப் பத்தியே பேச வேணாம். மன்னிப்பு மட்டும்.”

“சொல்லிருவா ஐயா,” என்றார் தங்கதுரை. அவர் முகத்தில் மூன்று நாளாக இல்லாத ரத்தம் ஓடியது.

ராஜாத்தி தரையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னதற்கு, உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்திலேயே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ரத்தம் கசியக் கழற்றிய நாளில்கூட இவ்வளவு வலிக்கவில்லை. பிறகு அனிதாவைப் பார்த்தாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

“சொல்றேன் ஐயா,” என்றாள். “எம்பொண்ணுக்காவ.”

“ஒரு நிமிசம்,” என்றாள் அனிதா. போனை எடுத்து, சந்தோஷுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பாஸ்டர் முன்னால் முக்காலியில் வைத்தாள்.

“சந்தோஷ், பாஸ்டர் ஐயா வந்திருக்காரு. ஸ்பீக்கர்ல இருக்கற. சைட் வேணாம்னு சொன்னது நீயா, உங்கப்பாவா?”

“ஸ்தோத்திரம் ஐயா,” என்றது போன். “அப்பாதான் சொன்னாரு அனி. நானும் சொன்னேன்.”

“நீ என்ன சொன்ன?”

“இல்ல... இப்ப இத வச்சுப் பிரச்சன வேணாம்னு. கல்யாணம் ஆகட்டும். அப்புறம் அத்த, மாமா அவங்களே மனசாரக் குடுப்பாங்க. வேற யாருக்கு, நமக்குத்தானே.”

பாஸ்டர் காபியின் ஆடையை ஸ்பூனால் ஒதுக்கினார். வெகு கவனமாக ஒதுக்கினார்.

“காரு?”

“அது லோன் போட்டுக்கலாம். உன் சம்பளம் இருக்குல்ல.”

“என்னைக் கேக்கணும்னு தோணலையா?”

“இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு அனி? நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதுதானே.”

அனிதா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நீ சொன்னது சரி என்று இல்லை. நீயும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை என்றுதான் இருந்தது. “சரி சந்தோஷ். ஞாயித்துக்கெழம கீபோர்டுக்கு வா, பாட்டு இருக்கு. எங்க வீட்டுக்கு வரவேணாம். எப்பவும்.” போனை அணைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அம்மா மன்னிப்புக் கேக்கத் தேவையில்ல ஐயா. கேக்கறதுக்குக் கல்யாணமே இல்ல.”

தங்கதுரை இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

பாஸ்டருக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் எந்த வீட்டிலிருந்தும் ஜெபம் பண்ணாமல் எழுந்து போவது வழக்கமில்லை. கண்ணை மூடினார். சமாதானம் கேட்டார், சுகம் கேட்டார். “இந்த மகளுக்கு ஏற்ற துணையைத் தாரும் ஆண்டவரே. வீடு, வாகனம், சகல உலக ஆசீர்வாதங்களும் குறைவில்லாத குடும்பத்திலிருந்து தாரும்,” என்று முடித்துவிட்டு, ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

ராஜாத்தி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஆமென் வரவில்லை. தங்கதுரை அவளைப் பார்த்தார், தான் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல். பாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஏதோ விளம்பரம் ஓடி முடிந்து, அடுத்த விளம்பரம் ஆரம்பித்தது.

“சொல்லிரும்மா,” என்றாள் அனிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அவர் வீட்டுக்குப் போகணும்ல.”

“போகட்டும்,” என்றாள் ராஜாத்தி. “வாசல் தொறந்துதான் இருக்குது.”